மகனை மறைக்காத தந்தை



மாற்கு நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் ஒரு தந்தையைச் சந்திக்கிறோம். அவருடைய மகனைத் தீய ஆவி நெருப்பிலும் தண்ணீரிலும் தள்ளி அழிக்கப் பார்க்கிறது. அவர் மகனை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. ஊர் கூடி நிற்கும் இடத்துக்கே அழைத்து வருகிறார். சீடர்களால் முடியாதபோதும் திரும்பிப் போகவில்லை. ஆண்டவர் அவரிடம், இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று மட்டும் கேட்கிறார். பிள்ளையை இப்படியா வளர்ப்பாய் என்று கேட்கவில்லை.

இந்தத் தந்தையின் துணிவு இன்று நமக்குத் தேவை. 2024 ஆகஸ்ட் இறுதியில், பொத்தேரியில் மாணவர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் தாம்பரம் காவல்துறையினர் பெரும் சோதனை நடத்தினார்கள், கஞ்சா பிடிபட்டது. வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள்தானே என்று நம்மில் பலர் ஆறுதல் அடைந்தோம். ஆனால் கஞ்சாவும், போதைக்காக விற்கப்படும் வலிநிவாரணி மாத்திரைகளும் நம் புறநகர்ப் பகுதிகளில் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. வாங்குவோரில் உள்ளூர்ப் பிள்ளைகளும் உண்டு.

இந்த மாத்திரைகளை ஊசியில் ஏற்றிக்கொள்ளும்போது அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் தொற்றும். உடல் பழகியபின், பிள்ளை அதை இன்பத்துக்காக எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் வரும் வலிக்கும் வாந்திக்கும் பயந்தே எடுக்கிறான். அவனிடம் “மனசு வெச்சா விட்டுடலாம்” என்று மட்டும் சொல்வது, காய்ச்சல்காரனிடம் சூட்டைக் குறை என்பது போலத்தான்.

மாற்றத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் தாய். ஆனால் “அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்”, “அக்கா கல்யாணம் நின்னுடும்”, “கோயில்ல என்ன பேசுவாங்க” என்று மூடி மறைக்கிறோம். அவன் வாங்கிய கடனை ரகசியமாக அடைக்கிறோம். இப்படியே ஓரிரு ஆண்டுகள் போய்விடுகின்றன.

திருமதி சாந்தி ரங்கநாதன் குடிநோய்க்குக் கணவரை இளம் வயதிலேயே பறிகொடுத்தவர். அவர் அந்தத் துயரை மறைக்கவில்லை. 1980இல் கணவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில், நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

பங்கு மக்களாகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு. சீன மருத்துவர் புனித மாற்கு ஜி தியான்சியாங், வயிற்று வலிக்கு எடுத்த அபினுக்கு அடிமையானார். அவர் மனம் திருந்தவில்லை என்று கருதி, ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. ஆயினும் அவர் செபத்தையும் திருச்சபையையும் விடவில்லை. 1900ஆம் ஆண்டு விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார். 2000 அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அடிமைநிலை ஒரு நோய் என்று பலரும் அறியவில்லை. அறிந்த நாமும் ஒதுக்கினால் நமக்கு என்ன சாக்கு?

பெற்றோரே, காவல்துறைக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். போதைப்பொருளைப் பயன்படுத்திய வழக்கில் சிக்கியவர்கூட, அரசு அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து முழுமையாகச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கேட்கலாம். அன்பியக் குடும்பங்களே, ஒரு தாய் உங்களிடம் அழுது சொன்னதை அடுத்த வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். மருத்துவமனைக்கு அவரோடு கூடப் போங்கள்.

நற்செய்தியில் அந்தச் சிறுவன் பிணம்போல் கிடந்தான். இறந்துவிட்டான் என்றே பலரும் சொன்னார்கள். இயேசு அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். அவன் எழுந்து நின்றான். நம் பிள்ளைகளையும் அவரிடம் கொண்டு வருவோம். அதற்கான துணிவை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.