வலியவனுக்கே வசதி!

(‘நாடு விட்டு நாடு நீதிமன்றம் தேடுவது எளியவனுக்கு வழியா, வலியவனுக்கு வசதியா?’ என்ற தலைப்பில், எட்டயபுரத்தில் நடந்த பட்டிமன்றத்தில் ஆற்றிய உரை)



தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில ஒரு பெரியவர், “நீதிமன்றம் தேடுறதுன்னா என்னப்பா?”ன்னு கேட்டாரு. அய்யா, அது உங்க வீட்டுலயே நடக்குது! பேரன் சினிமாவுக்குப் போகணும்னு அப்பாகிட்ட கேட்பான். அவரு ‘கூடாது’ம்பாரு. அம்மாகிட்ட போவான். ‘அப்பாவைக் கேளு’ம்பாங்க. நேரா ஆச்சிகிட்ட போவான். ஆச்சி டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, முறுக்கு வாங்கவும் காசு கொடுத்து அனுப்பிடுவாங்க. (சிரிப்பு) யாரு நமக்குச் சாதகமாத் தீர்ப்புச் சொல்வாங்களோ, அவங்ககிட்ட வழக்கைக் கொண்டு போறது. அதையே நாடு விட்டு நாடு செய்தால், அதுதான் இன்றைய தலைப்பு.

எதிரணித் தலைவி அம்மா மூணு சாட்சி கொண்டுவந்தாங்க. முதல் சாட்சி, இந்த ஊர் பெற்ற பிள்ளை. 1908-ல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போய்த்தானே பாரதி தப்பினார்னு கேட்டாங்க. அம்மா, பாரதி தேடியது நீதிமன்றத்தை அல்ல. ஆங்கிலேயன் கை எட்டாத ஊரை. பத்து வருஷம் கழிச்சு, 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டினாரு. கடலூர்ப் பக்கத்துலயே பிடிச்சு உள்ளே போட்டாங்க. எளியவன் எல்லை தாண்டினால் கிடைப்பது தீர்ப்பு இல்லை, சிறை! (கைதட்டல்)

இரண்டாவது சாட்சி பத்தூர் நடராசர். லண்டன் கோர்ட்டில் கோயிலே வழக்காடி ஜெயிச்சதே என்றார்கள். உண்மைதான். 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சரின்னு சொல்லிச்சு, சாமி ஊர் திரும்பினாரு. ஆனா நடராசர் லண்டனைத் தேடிப் போனாரா? கடத்தி வித்தவங்களால அங்க போய்ச் சேர்ந்தாரு. சாமி இருந்த இடத்துல வழக்கு நடந்தது. அதுவும் அரசாங்கம் பின்னால நின்னதால நடந்தது. தனி மனுஷன் லண்டன் வக்கீலுக்குக் காசு கொடுக்க முடியுமா?

மூணாவது, நம்ம தூத்துக்குடித் துறைமுகம். சம்பளம் கிடைக்காத கப்பல் தொழிலாளி, கப்பல் வந்து நிற்கிற துறைமுகத்திலேயே அதைப் பிடித்து வைக்கக் கோர்ட்டில் கேட்கலாம். 2017-ல் வந்த சட்டம் அதற்கு இடம் கொடுக்குதுன்னாங்க. இதை நான் ஒத்துக்கிறேன். நல்ல சட்டம். ஆனா முதலாளி என்ன செய்றாரு? ஆபீசு ஒரு நாட்டுல. கப்பலைப் பதிவு பண்றது பனாமாவுல, இல்லைன்னா லைபீரியாவுல. சரக்கு ஒப்பந்தத்துல ‘தகராறு வந்தால் லண்டனில்தான் பேசணும்’னு ஒரு வரி. தொழிலாளி வழக்கு வந்த பிறகு ஊர் தேடுறான். முதலாளி வழக்கு வர்றதுக்கு முன்னாடியே தேடி வச்சிடுறாரு! (பலத்த கைதட்டல்)

இப்போ என் சாட்சி. போபால். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரம். யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சு வாயு. தூக்கத்திலேயே ஆயிரக்கணக்கான உயிர் போச்சு. அந்த ஆலையை நடத்திய கம்பெனியில் பாதிக்குச் சற்று மேல் பங்கு அமெரிக்கக் கம்பெனிக்கு. மக்கள் சார்பில் வழக்காடும் உரிமையை 1985-ல் ஒரு சட்டம் போட்டு இந்திய அரசு எடுத்துக்கிட்டு, நியூயார்க் கோர்ட்டுக்குப் போச்சு. ஏன் அங்கே? அங்கே ஜூரி உண்டு. பெரிய தொகை இழப்பீடு உண்டு. ஜெயிச்சாத்தான் வக்கீலுக்குப் பங்கு. கம்பெனியின் உள் காகிதங்களைக் கேட்டு வாங்கலாம்.

அங்கே நடந்த வேடிக்கையைக் கேளுங்க! இந்திய அரசு, ‘எங்க ஊர்க் கோர்ட்டுல தாமதமாகும், இவ்வளவு பெரிய வழக்கைத் தாங்காது’ன்னு சொல்லுது. அமெரிக்கக் கம்பெனி, ‘இந்திய நீதிமன்றம் மாதிரி உண்டா! அங்கேயே போங்க’ன்னு புகழுது. (சிரிப்பு) நம்ம வீட்டை நாமே குறை சொல்ல, திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவன் வந்து ‘என்ன அருமையான வீடு’ன்னு மெச்சுறான்! 1986 மே மாதம் நீதிபதி கீனன் வழக்கை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினாரு.

அப்புறம்? அரசு கேட்டது 300 கோடி டாலருக்கு மேல். 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் சமரசமாக முடிஞ்சது 47 கோடி டாலர். இன்னும் கொஞ்சம் கொடுங்கன்னு அரசு போட்ட மறுசீராய்வு மனுவையும் 2023 மார்ச்சில் தள்ளிட்டாங்க. கம்பெனித் தலைவரா இருந்த ஆண்டர்சன் 1984 டிசம்பரில் கைதாகி, ஜாமீனில் அமெரிக்கா போனவர்தான். இந்தியக் கோர்ட் கூப்பிட்டுக்கிட்டே இருந்தது. 2014-ல் இறக்கும்வரை வரவே இல்லை.

கவனிங்க! இழப்பீட்டு வழக்குன்னா ‘இந்தியாவுக்குப் போ’. கிரிமினல் வழக்குன்னா ‘இந்தியாவுக்கு வரமாட்டேன்’. ஒரே நாடு, ஒண்ணுல வேணும், இன்னொண்ணுல வேண்டாம். இதுக்குப் பேர் வழியா அம்மா? இதுக்குப் பேர்தான் வசதி! (பலத்த கைதட்டல்)

இது கம்பெனி கதை மட்டும் இல்லை, குடும்பத்துலயும் நடந்திருக்கு. திருப்பதியில் கல்யாணம் பண்ணின ஒரு கணவர், அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் 90 நாள் குடியிருந்ததாச் சொல்லி 1980-ல் விவாகரத்து வாங்கிட்டாரு. பிறகு வேற கல்யாணமும் பண்ணிக்கிட்டாரு. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாதுன்னு நம்ம உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனா அந்தம்மா காத்திருந்த பதினொரு வருஷத்தை எந்தக் கோர்ட் திருப்பிக் கொடுக்கும்?

நடுவர் அய்யா, எளியவனும் கதவைத் தட்டலாம். நான் மறுக்கலை. ஆனா எந்தக் கதவு திறக்கணும், எது மூடணும்னு சொல்ற சாவி யார் கையில இருக்கு? தட்டுறவனுக்குக் காத்திருக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. மூடுறவனுக்கு இரண்டும் இருக்கு. ஆகவே, நாடு விட்டு நாடு நீதிமன்றம் தேடுவது வலியவனுக்கே வசதி என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் எனக் கேட்டு அமைகிறேன்.