ஆராய்ச்சிக்குக் கருவி தேடிய கதை

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



ஆராய்ச்சி அனுபவம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். ஆராய்ச்சி செய்த கதையைவிடக் கருவி தேடி அலைந்த கதைதான் என்னிடம் அதிகம். அதையே சொல்லுகிறேன்.

என் கலாநிதிப் பட்ட ஆய்வு வலிகாமத்துக் கிணற்றுநீரில் உள்ள நைத்திரேற்றைப் பற்றியது. எங்கள் நிலம் சுண்ணக்கல். தோட்டங்களுக்குப் போடும் பசளையும் மலசலகூடக் குழிகளின் கசிவும் மழையோடு இறங்கி நிலத்தடி நீரில் சேருகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

அயன் நிறப்பகுப்புக் கருவி ஒன்று வாங்கலாம் என்று விலைமனு எடுத்தோம். மானியம் ரூபாவில் கிடைத்திருந்தது. அப்போது டொலர் 200 ரூபா அளவில் நின்றது. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டது. மே மாதமளவில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. புது விலைமனு கேட்டபோது, “டொலர் கிடைத்தால் பார்ப்பம் மிஸ்” என்றார் முகவர். தலைப்பை மாற்றும்படி சிலர் சொன்னார்கள். நானும் இரண்டு மூன்று இரவு அதை யோசித்தேன்.

களஞ்சிய அறையில் “பழுது” என்று துண்டு ஒட்டிய நிறமாலை ஒளிமானி ஒன்று கிடந்தது. வேறு வேலை இல்லாததால் அதன் கையேட்டை வாசித்தேன். உள்ளே இரண்டு விளக்குகள்: ஊதாக்கடந்த பகுதிக்கு டியூற்றீரியம், கட்புலப் பகுதிக்குத் தங்ஸ்தன். செத்திருந்தது முதலாவது மட்டுமே! நைத்திரேற்றை நேரே அளப்பதற்கு 220 நனோமீற்றர் வேண்டும். அது செத்த விளக்கின் பக்கம். ஆனால் கட்மியத்தால் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றி, கிறீஸ் சோதனைப்பொருளைச் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அதை 540 நனோமீற்றர் அளவில் அளக்கலாம். அதற்குத் தங்ஸ்தன் போதும். கட்புலப் பகுதியை மட்டும் இயக்கும் வழி கையேட்டிலேயே இருந்தது. இத்தனை வருடம் அதை ஒருவரும் திறக்கவில்லை.

1.63 கிராம் பொற்றாசியம் நைத்திரேற்றை ஒரு லீற்றராகக் கரைத்தால், அதில் 1000 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கும். அதை ஐதாக்கி நியமக் கரைசல்கள் செய்தேன். இந்தக் கல்லூரி ஆய்வுகூடத்தில் குழாயியை ஒழுங்காகப் பிடிக்காததற்கு வாங்கிய ஏச்செல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. தங்கைமார் ஒன்றைக் கவனியுங்கள்: கட்மியம் நஞ்சு. அதன் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் கலனில் சேர்க்கவேண்டும்.

பழங்கருவியின் அளவை யார் நம்புவார்? பத்துக்கு ஒன்று வீதம் மாதிரிகளை, நல்ல கருவி உள்ள வேறோர் ஆய்வுகூடத்திலும் அளப்பித்தேன். ஐஸ் நிரப்பிய றெஜிபோம் பெட்டியோடு இரவு பஸ்ஸில் பயணம். 48 மணித்தியாலத்துக்குள் அளந்துவிட வேண்டும். எரிபொருள் வரிசைக் காலம். ஒருநாள் பஸ் வரவேயில்லை, ஐஸ் கரைந்தது, பன்னிரண்டு போத்தலையும் ஊற்றிவிட்டு மறுபடி கிணறு கிணறாகப் போனேன். அளவுகள் பெரும்பாலும் ஒத்துவந்தன. ஒத்துவராத இரண்டு கிணறுகளைப் பற்றித்தான் தேர்வாளர்கள் நெடுநேரம் கேட்டார்கள்.

இனி, பணம். தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை ஆகியவற்றின் மானியங்களை மேற்பார்வையாளரோடு சேர்ந்து பாருங்கள். அமெரிக்காவின் சீடிங் லாப்ஸ் போன்ற அமைப்புகள் மேலதிகக் கருவிகளைக் கொடுப்பது நிறுவனங்களுக்கே. மாணவி தனியே கேட்க முடியாது, துறைத்தலைவரை இணங்கவைக்க வேண்டும். அது ஆய்வைவிடக் கடினமாயிருக்கலாம். கருவியிடம் நாமே போகவும் முடியும். இத்தாலியின் திரியஸ்தேயில் இயங்கும், வளர்முக நாடுகளின் விஞ்ஞானப் பெண்களுக்கான அமைப்பு, வேறொரு வளர்முக நாட்டின் ஆய்வுகூடத்தில் கலாநிதி ஆய்வு செய்யப் புலமைப்பரிசில் தருகிறது. எந்த நாட்டவர் தகுதியுடையவர் என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலவற்றைச் செய்துகொள்ளவும் இயலும். ஓபன்பிளெக்சர் நுணுக்குக்காட்டியின் வரைபடங்கள் யாவர்க்கும் இலவசம். முப்பரிமாண அச்சுப்பொறி இருந்தால் போதும், வில்லையையும் கமராவையும் வாங்கிப் பூட்டலாம். நாங்கள் சோடாமூடியில் நூல் கோத்துச் சுழற்றிய விளையாட்டு ஞாபகமா? ஸ்ரான்போர்ட்டில் மனு பிரகாஷ் குழுவினர் அதே தத்துவத்தில், 20 சதம் டொலர் செலவில், கடதாசியால் இரத்தம் பிரிக்கும் மையநீக்கி செய்து 2017இல் வெளியிட்டார்கள்.

வெளிநாட்டிலுள்ள அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வேலைத்தலத்தில் கழிக்கும் கருவியை அனுப்ப விரும்பினால், முதலில் இங்கே கேளுங்கள். 230 வோல்ற்றில் வேலை செய்யுமா, கையேடு உண்டா, உதிரிப்பாகம் இன்னும் விற்பனையில் உள்ளதா, சுங்க வரி யார் கட்டுவது என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதுவும் களஞ்சியத்தில் “பழுது” என்ற துண்டோடுதான் கிடக்கும்.

அந்த டியூற்றீரியம் விளக்கை என்னோடு உயர்தரம் படித்த ஐவர் பின்னர் காசு சேர்த்து வாங்கினார்கள். ஒருத்தி தன் கைப்பையில் துவாயால் சுற்றிக் கொண்டுவந்தாள். இன்று அவர்கள் இந்த மண்டபத்தில் இல்லை. மலரில் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்லுகிறேன்: விளக்கு இன்னும் எரிகிறது, இப்போது அதில் வேலைசெய்பவள் வேறொரு மாணவி.