பிளானில் இருந்த படிக்கட்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"நீதான் சிவில் படிச்சவன். வீடு கட்ட பெர்மிஷன் வாங்குறது எப்படின்னு பத்து நிமிஷம் பேசு" என்று நம் செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். படிக்கிற காலத்தில் இதே மேடையில் நான் பேச எழுந்தபோது முதலில் விசிலடித்தவர் அவர்தான். இன்று அவரே மைக்கைக் கொடுக்கிறார். காலத்தின் கோலம்!

கல்லூரியை விட்டதும் எங்கள் சின்ன ஊரில் லைசென்ஸ் வாங்கி, வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இறங்கினேன். டிரேசிங் பேப்பரில் மையால் வரைந்து, அம்மோனியா பிரிண்ட் எடுத்து, அந்த நெடி போகுமுன் நகராட்சிக்கு ஓடுவோம்.

1994-இல் எனக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்த சார் வந்தார். ஓய்வுபெற்ற பணத்தில் முப்பதுக்கு நாற்பது மனை வாங்கியிருந்தார். பக்கத்தில் சந்து விட்டு, பின்புறம் நாலடி அகலப் படிக்கட்டோடு பிளான் போட்டேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான்பா இருக்கு. ஆனா அந்தச் சந்தையும் சேத்துக்கிட்டா கீழ ஒரு போர்ஷன் வாடகைக்கு விடலாம். பிளான்ல விட்ட மாதிரியே காட்டிடு. கட்டுறப்ப மேஸ்திரி பாத்துக்குவார்."

சாரிடம் எப்படி முடியாதென்று சொல்வது? சந்து வரப்போவதில்லை என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அனுமதியும் வந்தது. வீடு காம்பவுண்டு வரை நீண்டது. படிக்கட்டுக்கு இடமில்லாமல் முன்னால் ஓர் இரும்புச் சுருள் படிக்கட்டு வைத்தார்கள். கீழே வாடகைக்கு விட்டுவிட்டு, சாரும் அம்மாவும் மாடிக்குப் போனார்கள். "அவரே விடல, நான் ஏன் விடணும்?" என்று பக்கத்து மனைக்காரரும் சுவரை ஒட்டியே எழுப்பினார்.

2011-இல் ஒரு நாள் இரவு சாருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சர்தான் மாடிக்கு ஏறவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் கட்டி, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார். பார்க்கப் போனேன். அவர் கோபிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "நீ போட்ட பிளான் பீரோல பத்திரமா இருக்குப்பா. அதுல படிக்கட்டு நல்ல அகலமா இருக்கு."

அடுத்த வருடம் சார் காலமானார். அந்த ஒரு வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை.

அன்பர்களே, அனுமதி என்றால் ஆபீசுக்குக் கட்டுகிற கப்பம் என்றே நாம் நினைக்கிறோம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அந்தக் குறுகலான படிக்கட்டை நாடே பேசியது. படியின் அகலம், விடவேண்டிய இடைவெளி என்று விதியில் எழுதியிருப்பதெல்லாம் வெறும் அளவல்ல. ஆபத்து வந்தால் மனிதன் வெளியேறும் வழி.

இனி செயலாளர் கேட்டதற்கு வருகிறேன். மனை வாங்குமுன் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பாருங்கள். பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றுங்கள். பத்திரத்தில் சதுர அடி இருக்கும், பட்டாவில் ஹெக்டேர், ஏர் இருக்கும். ஒரு ஏர் என்பது சுமார் 1,076 சதுர அடி. இரண்டையும் ஒப்பிட்டு, சர்வேயரை வைத்து மனையையும் அளந்துவிடுங்கள். பல விண்ணப்பங்கள் சிக்குவது இங்கேதான். லேஅவுட் அங்கீகாரம் பெற்றதா என்று விசாரியுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்கு 2016 அக்டோபர் 20 என்ற கெடு தேதி உண்டு. மழைநீர் சேகரிப்பை 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். அதைப் பிளானில் மட்டுமல்ல, மண்ணிலும் செய்யுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால், "விதிப்படி கட்டுவேன்" என்று உறுதி கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி பெறலாம். அலைச்சல் மிச்சம், வரவேற்கிறேன். ஆனால் முன்கூட்டியே வந்து பார்க்க ஆள் இல்லை. அந்தக் காலத்தில் யாராவது டேப்போடு வருவார்களோ என்ற பயமாவது எனக்கு இருந்தது. இப்போது டேப்பும் நம் கையில், மனசாட்சியும் நம் கையில்.

நாளைக்கு உங்களிடமும் ஒரு சார் வருவார், மாமா வருவார், நெருங்கிய நண்பன் வருவான். "பிளான்ல காட்டிடுப்பா" என்பார்கள். அன்று "இல்லீங்க சார், கட்டப்போறதைத்தான் வரைவேன்" என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியதை நீங்கள் சொன்னால், இந்தக் கல்லூரிக்கு நான் பட்ட கடனில் கொஞ்சமாவது தீரும்.