மாதவிலக்கு வலியும் ஆய்வுக்கூடத்து எலியும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், பெண்கள் உடல்நலம் பற்றிப் பேசியது)

 

எப்போதும் சேமிப்பு, கடன், தவணை என்று பேசுகிறோம். இன்று மாதாமாதம் நம்மை மடக்கிப் போடும் வயிற்று வலியைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதையெல்லாமா மைக்குல பேசுவாங்க?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். வெளிநாடுகளில் விஞ்ஞானிகள் எலியையும் குரங்கையும் வைத்து இந்த வலியை ஆராய்கிறார்கள். அனுபவிக்கிற நாம் பேசினால் என்ன தப்பு?

முதலில் ஒரு கேள்வி. எலிக்கு மாதவிலக்கு வருமா? சாதாரண எலிக்கு வராது. கரு தங்குவதற்காக நம் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடிக்கிறது. கரு தங்காவிட்டால் உதிர்கிறது. மனிதர், குரங்கு வகைகள், சில வௌவால்கள் என்று கொஞ்ச உயிர்களுக்குத்தான் இப்படி நடக்கிறது. "எங்க பசுவுக்கு ரத்தம் படுதே?" என்று கறவை மாடு வைத்திருப்பவர்கள் கேட்கலாம். அது பருவத்தை ஒட்டி வருவது, சவ்வு உதிர்வதில்லை. நாய்க்கு வருவதும் பருவத்துக்கு வரும்போது வருவதுதான். 2016-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார், முள் போன்ற ரோமம் உள்ள ஒரு சுண்டெலிக்கு மாதவிலக்கு வருவதைக் கண்டுபிடித்தார்கள். அதன் சுற்று சுமார் 9 நாள்தான்.

மற்ற எலிகளுக்குச் செயற்கையாக வரவழைக்கிறார்கள். சினைப்பையை எடுத்துவிட்டு, ஹார்மோன் கொடுத்து, கர்ப்பப்பையைத் தூண்டி, பிறகு ஹார்மோனை நிறுத்துவார்கள். சவ்வு உதிரும். வலிக்கு இன்னொரு வழி இருக்கிறது. பிரசவத்தில் நமக்கு வலி வரப் போடுவார்களே ஆக்ஸிடோசின், அதை எலிக்குப் போட்டு, அது எத்தனை தடவை வயிற்றை இழுத்து முறுக்குகிறது என்று எண்ணுவார்கள்.

2010-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் எலியின் முகத்தைப் பார்த்தே வலியை அளக்க ஒரு முறை கொண்டு வந்தார்கள். கண், மூக்கு, கன்னம், காது, மீசை, ஒவ்வொன்றுக்கும் மார்க். எலி வாய் திறந்து சொல்லாது, அதனால்தான் இவ்வளவு பொறுமை.

"வாயில்லா ஜீவனை இப்படிச் செய்யலாமா?" என்ற கேள்வி நியாயமானதே. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கு ஒரு கமிட்டியும் விதிமுறைகளும் உண்டு. அதே சமயம் இந்த ஆராய்ச்சிகளால் நன்மையும் கிடைத்திருக்கிறது. 1957-ல் இங்கிலாந்தில் பிக்கிள்ஸ் என்பவர், மாதவிலக்கு ரத்தத்திலேயே தசையைச் சுருங்க வைக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார். அது புரோஸ்டாகிளாண்டின் என்று பின்னால் தெரிந்தது. அது அதிகமானால் கர்ப்பப்பை இறுக்கிப் பிடிக்கும், வலிக்கும். ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் அந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கின்றன என்று 1971-ல் ஜான் வேன் கண்டார். அதற்கு அவர் பயன்படுத்தியது கினிப்பன்றியின் நுரையீரல். 1982-ல் அவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் வலிக்கு டாக்டர் எழுதும் இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் மாத்திரைகள் வேலை செய்வது இப்படித்தான். ஆக, இந்த வலி நம் கற்பனை இல்லை. உடம்புக்குள் காரணம் இருக்கிறது.

இதில் வருத்தமான ஒரு விஷயமும் உண்டு. வலி ஆராய்ச்சிக்கென்றே வரும் 'பெயின்' என்ற இதழில் பத்து வருடமாக வந்த விலங்கு ஆய்வுகளை 2005-ல் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 79 ஆய்வுகளில் ஆண் விலங்குகள் மட்டுமே! பெண் விலங்கின் ஹார்மோன் மாற்றம் கணக்கைக் குழப்பும் என்ற எண்ணம்தான் காரணம். எலியிலும் பொம்பளைக்கு இரண்டாம் இடம்தான் பாருங்கள். 2016 முதல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி கேட்பவர்கள் ஆண், பெண் இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தக்க காரணம் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். "பொறுத்துக்கோடி, கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்று சொல்லியே பெண் பிள்ளையின் வலியை மூடி விடுகிறோம். எல்லா வலியும் சாதாரண வலி அல்ல. எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு நோய். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது. ரீசஸ் குரங்குக்கும் பபூன் குரங்குக்கும்கூட இது தானாக வருகிறது. கீழ்க்கண்டவை இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்:

• மாத்திரை போட்டும் அடங்காத வலி, வருடத்துக்கு வருடம் கூடும் வலி
• மாதவிலக்கு இல்லாத நாளிலும் அடிவயிற்று வலி
• தாம்பத்தியத்தின்போதோ, மலம், சிறுநீர் கழிக்கும்போதோ வலி
• வலியோடு குழந்தைப்பேறு தள்ளிப் போவது
• அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு

சாதாரண வலிக்கு அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் நல்லது. மாத்திரையைச் சாப்பிட்ட பிறகே போட வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. போட்ட பின் உடம்பில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி என்றதும் யாராவது "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றால், இன்னொரு டாக்டரிடமும் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

நாம் இந்த மாதம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் பத்து நிமிஷம் ஒதுக்கி, "உனக்கு வலி எப்படி இருக்கு? எத்தனை நாள்? வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியுதா?" என்று பேசுவோம். வீட்டில் மகளிடமும் மருமகளிடமும் கேட்போம். தேவைப்படுபவரைக் கிராம சுகாதார செவிலியரிடம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, துணைக்கு ஒருவராகக் கூட்டிப் போவோம். இதைத் தீர்மான நோட்டிலும் எழுதுவோம்.

எலியின் முகத்தைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு வாய் இருக்கிறது. கேட்டால் சொல்வார்கள்.