அரசர் ஆடிய மண்டபம்



இன்று புல்தரையில் ஆடப்பெறும் டென்னிஸுக்கு மூதாதையான ஆட்டம் ஒன்று உண்டு. அது சுவர்களுக்கு நடுவே, கூரையின் கீழ் ஆடப்பெற்றது. பிரான்சு நாட்டில் வளர்ந்த அந்த ஆட்டத்துக்குப் பிரஞ்சு மொழியில் 'உள்ளங்கை விளையாட்டு' என்று பொருள்படும் பெயர் வழங்கியது. ஆதியில் பந்தை வெறுங்கையால் அடித்தார்கள். பின்னர்க் கையுறையும், அதன்பின் நரம்பு கட்டிய மட்டையும் வந்தன. பந்தைச் செலுத்துபவர், "இதோ, கொள்ளும்" என்று எதிராளியை விளித்த 'தெனே' என்னும் பிரஞ்சுச் சொல்லே 'டென்னிஸ்' என்றாயிற்று என்பர் அறிஞர்.

மண்டபத்தின் மூன்று புறங்களிலும் சுவரையொட்டிச் சாய்வான தாழ்வாரக் கூரை ஒன்று ஓடும். ஆட்டத்தைத் தொடங்குபவர் பந்தை அக்கூரையின்மீது செலுத்தவேண்டும். சுவரில் பட்டு மீளும் பந்தும் ஆட்டத்தைச் சேர்ந்ததே. பந்து இரண்டாம் முறை தரையில் விழுந்தால், பல சமயங்களில் வெற்றி தோல்வி உடனே தீர்ந்துவிடாது. விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆடுவோர் பக்கம் மாறி, பிறகு அதற்குத் தீர்வு காண்பர்.

இத்தகைய மண்டபம் எழுப்பப் பெரும்பொருள் வேண்டும். ஆகவே மன்னர்கள் இவ்வாட்டத்தைப் பெரிதும் போற்றினர். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி இதில் வல்லவர். பிரான்சின் எட்டாம் சார்லஸோ, 1498இல் இதைக் காணச் செல்லும் வழியில் வாயிலின் மேற்கட்டையில் தலை மோதி, அன்றே உயிர்நீத்தார்.

வெர்சேல்ஸ் அரண்மனைக்கு அருகே 1686இல் அரச குடும்பத்துக்கென ஒரு மண்டபம் கட்டப்பெற்றது. 1789 ஜூன் 20ஆம் நாள், மக்கள் பிரதிநிதிகள் தாங்கள் கூடும் அவை பூட்டப்பட்டிருக்கக் கண்டனர். கலைந்து செல்லாமல் அவர்கள் இந்த ஆட்ட மண்டபத்தினுள் நுழைந்தனர். வானநூல் வல்லுநரான பாய்யி தலைமை வகித்தார். நாட்டுக்கு ஓர் அரசியலமைப்பு உறுதிப்படும்வரை பிரிவதில்லை என்று அனைவரும் சூளுரைத்தனர். மார்த்தென் தோஷ் என்ற ஒருவர் மட்டும் மறுத்தார். அவர் பெயரையும் மறுப்பையும் ஏட்டிலிருந்து அழித்துவிடவில்லை. கருத்துரிமைக்குச் சான்றாக விட்டுவைத்தனர்.

1874இல் விங்ஃபீல்டு என்பவர் திறந்தவெளி டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் புதிய ஆட்டம் உலகெங்கும் பரவியது. பழைய ஆட்டம் இன்று பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் சிலரால் மட்டும் ஆடப்பெறுகிறது. வெர்சேல்ஸ் மண்டபம் இப்போது நினைவுக்கூடமாக நிற்கிறது. அங்கே பந்தாடிய அரசகுமாரர்களை நினைப்பார் அரியர். பூட்டிய கதவைக் கண்டு வீடு திரும்பாத மக்களும், அவர்கள் நடுவே அஞ்சாது மறுத்த ஒருவருமே அம்மண்டபத்துக்கு அழியாப் பெயர் தந்தார்கள்.