பழி சுமந்தோரும் துப்பறிவோரும்



புள்ளலூர் என்னும் பெயர் வரலாற்றில் ஒரு போர்க்களத்தின் பெயராகவே அறிமுகமாகிறது. முதலாம் மகேந்திரவர்மன் தன் தலைமைப் பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்று காசக்குடிச் செப்பேடுகள் கூறுகின்றன. அப்பகைவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி என்பது வரலாற்றாசிரியர் பலர் கொள்கை. 1780இல் ஐதர் அலியின் படை ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை முறியடித்ததும் இம்மண்ணில்தான். புள்ளலூர்ப் போரை நினைவிற் கொண்டோர் பலர். அப்போரை நடத்திய மன்னன் ஒரு நகைச்சுவை நாடகத்தையும் எழுதினான் என்பதையும், அந்நாடகத்தின் உள்ளீடு ஒரு பொய்ப்பழியே என்பதையும் நினைவிற் கொண்டோர் சிலரே.

அந்நாடகம் வடமொழியில் அமைந்த 'மத்தவிலாசப் பிரகசனம்'. கதை நிகழும் ஊர் காஞ்சி. சத்தியசோமன் என்னும் காபாலிகன் கள்மயக்கத்தில் தன் கபாலத்தை இழக்கிறான். அவ்வழியே வந்த பௌத்தத் துறவி நாகசேனன் ஆடைக்குள் எதையோ மறைத்துச் செல்வது கண்டு, அவனே கள்வன் என்று பிடித்துக்கொள்கிறான். துறவி வெளியே எடுத்துக் காட்டுவதோ தன் பிச்சைப் பாத்திரம். நிறமும் வேறு, வடிவமும் வேறு. அவ்வளவில் வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நிறத்தையும் வடிவத்தையும் துறவி மாற்றிவிட்டான் என்று காபாலிகன் வாதிடுகிறான். நீதிமன்றம் செல்லலாம் என்று பேச்சு எழும்போது, விகாரைகளின் செல்வம் துறவியிடம் இருக்கிறது, அதிகாரிகளின் வாயை அவன் அடைத்துவிடுவான், ஏழைக் காபாலிகனால் என்ன செய்ய இயலும் என்று அவன் துணைவி கூறுகிறாள். இறுதியில் ஒரு பித்தன் கபாலத்துடன் வருகிறான். அவன் அதனை ஒரு நாயிடமிருந்து பறித்திருந்தான்.

அவையோர் நகைத்தற்குரிய இக்கதையில் நகைத்தற்கில்லாத ஓர் உண்மை உண்டு. சான்று பழிக்குப் பொருந்தாதபோது காபாலிகன் பழியைக் கைவிடவில்லை, சான்றையே வளைக்கிறான். உலகெங்கும் குற்றமற்றோர் சிறைப்பட்ட வழக்குகள் பலவற்றின் அடித்தளம் இதுவே.

குற்றமற்ற ஒருவன் சிறை சென்று, பழி நீங்கி மீண்டு, பிறர்மேல் விழும் பழிகளை ஆராய்பவனாக மாறும் கதை இன்றைய உலகின் விருப்பக் கதைகளுள் ஒன்று. 2007 முதல் 2009 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'லைஃப்' என்னும் தொடர் இவ்வகையினது. செய்யாத கொலைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்த காவலன் ஒருவன் விடுதலை பெற்று அதே காவல் துறைக்குத் துப்பறிவாளனாகத் திரும்புகிறான். வாரந்தோறும் ஒரு கொலையின் உண்மையைக் காண்கிறான். தன்னைச் சிறைக்கு அனுப்பியவர்களையும் தேடுகிறான். இக்கதை மக்களைக் கவர்வதன் காரணம் எளிது. இழந்த ஆண்டுகளுக்கு ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது. பட்ட துன்பம் அறிவாகிறது. அவ்வறிவு பிறரைக் காக்கிறது.

தமிழுக்கு இவ்வேட்கை புதிதன்று. வழக்கை ஆராய்தலே செங்கோன்மையின் முதற்படி என்று வைத்தவர் வள்ளுவர். ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும் என்றும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்த பின்னரே தெளிய வேண்டும் என்றும் நெறி வகுத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவ்வகைப் புதினங்களைப் பெருக்கினர். இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய திறனாய்வு, அவற்றுள் இருந்த நீதி வேட்கையைக் காணத் தவறியது.

ஆயினும் தமிழின் முதற்பெரும் துப்பறிவாளர் கோவிந்தனல்லர், கண்ணகியே. கோவலன் வழக்கில் ஐயம் கொள்ள இடம் இருந்தது. அவனைப் பிடிக்கச் சென்ற காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்றே கூறினர். உடனே பொற்கொல்லன், மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையாவன எட்டனையும் அடுக்குகிறான். அதாவது, கள்வனாகத் தோன்றாமையே அவன் தேர்ந்த கள்வன் என்பதற்குச் சான்றாகிறது. பாத்திரத்தின் நிறம் மாறிவிட்டது என்ற காபாலிகன் வாதமும் இதுவும் ஒன்றே. ஒன்று நகைப்பில் முடிகிறது; மற்றொன்று வாளில் முடிகிறது.

கண்ணகி அரசவைக்குக் கொண்டு சென்றது கண்ணீரை மட்டுமன்று. ஒரு சான்றையும் கொண்டு சென்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்று மன்னன் தன் வாயாலேயே கூறினான். பின்னரே சிலம்பு உடைக்கப்படுகிறது. ஒரு கூற்று, ஒரு மறுகூற்று, இரண்டையும் தீர்க்கும் ஒரு பொருட்சான்று. ஆராய்ச்சியின் ஒழுங்கு முழுவதும் வழக்குரை காதையில் உள்ளது. அவ்வாராய்ச்சியைக் கொலைக்கு முன் செய்திருக்க வேண்டியவன் அரசன். கொலைக்குப் பின் செய்தவள் கொலையுண்டவன் மனைவி.

இதனினும் குறைவாகவே பேசப்படும் செய்தி ஒன்று உண்டு. பின்னர் வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரவர் மாண்டனர். ஆராயாது கொன்ற பிழைக்குக் கழுவாய், ஆராயாது மீண்டும் கொல்வதாயிற்று. கண்ணகி காட்டிய சான்றின் வழியை அரசு கற்கவில்லை என்பதே இதன் பொருள்.

கதையிலிருந்து வரலாற்றுக்கு வருவோம். தமிழகம் மறக்காத வழக்கு இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 'இந்து நேசன்' என்னும் இதழில் திரைக்கலைஞர்களின் தனிவாழ்வைப் பற்றி எழுதிவந்த சி. என். இலட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றபோது கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் கைதாயினர். பாகவதரின் 'ஹரிதாஸ்' அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளிவந்து வெற்றி முழக்கத்தோடு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. 1945இல் ஜூரிகளின் துணையுடன் நடந்த விசாரணையில் ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் பயன் தரவில்லை. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் கேட்கப்பட வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பெற்றது. 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

மீண்ட இருவரின் வாழ்வும் இருவேறு வழியிற் சென்றது. கலைவாணர் 'நல்லதம்பி' (1949), 'மணமகள்' (1951) என்று மீண்டும் எழுந்தார். சிறை அவர் நகைச்சுவையை மழுக்கவில்லை. பாகவதர் 1948இல் 'ராஜமுக்தி' தந்தார். அடுத்தும் சில படங்கள் தந்தார். பழைய ஒளி திரும்பவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள் மறைந்தார். குற்றமற்றவர் என்ற தீர்ப்பு சிறைக்கதவைத் திறந்தது. இடையில் மாறிவிட்ட காலத்தை அதனால் திருப்பித் தர இயலவில்லை. கதையில் வரும் காவலனுக்குத் துன்பம் அறிவாயிற்று. வாழ்வில் ஒருவருக்கு அவ்வாறாயிற்று. மற்றவருக்கு இழப்பு இழப்பாகவே நின்றது. அது அவர் குறையன்று.

ஆனால் இவ்வழக்கில் கேட்கப்பட வேண்டிய வினா இன்னொன்று உண்டு. இலட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார்? இன்றளவும் விடை இல்லை. அவர் எழுத்தை விரும்பாதோர் பலர். விரும்பாமைக்குக் காரணமும் இருந்தது. எனினும் நடுத்தெருவில் குத்துண்டு மாண்ட மனிதனுக்கு நீதி வேண்டாமா? இரு கலைஞர் விடுதலையைக் கொண்டாடிய நாடு, கொலையுண்டவனை அவ்வழக்கின் பெயராக மட்டுமே நினைவில் வைத்தது. தவறான தீர்ப்பு இருவர்க்குக் கேடு செய்கிறது. சிறைப்பட்டவன் ஒருவன், கொலையுண்டவன் மற்றொருவன். ஆள் கிடைத்துவிட்டான் என்ற நிறைவில் தேடல் நின்றுவிடுகிறது. பிழை தெரியவரும்போது தடயங்கள் அழிந்துவிடுகின்றன. சாட்சிகளின் நினைவு மங்கிவிடுகிறது.

பிற நாடுகளிலும் இதே நிலைதான். 1908 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மேரியன் கில்கிறிஸ்ட் என்னும் மூதாட்டி கொலையுண்டார். ஆஸ்கர் ஸ்லேட்டர் என்பவர்க்கு 1909இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ஜான் தாம்சன் டிரெஞ்ச் என்னும் துப்பறியும் அதிகாரி, தம் துறை மறைத்த சான்றுகள் உண்டு என்று கூற முன்வந்தார். 1914இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அவர்மீதே திருட்டுப் பொருள் தொடர்பான வழக்கு ஒன்று புனையப்பட்டது. அதில் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். ஆனால் துறைக்குத் திரும்பவில்லை, 1919இல் மறைந்தார். ஸ்லேட்டர் 1927இல் சிறை மீண்டார். தீர்ப்பு 1928இல் நீக்கப்பட்டது. பழிசுமத்தப்பட்ட துப்பறிவாளன் மீண்டு வந்து உண்மையை நிலைநாட்டுவது கதை. உண்மையைச் சொன்ன துப்பறிவாளன் பழிசுமந்து, தான் காக்க முயன்றவனின் விடுதலையைக் காணாமலே மறைந்தது வரலாறு. மேரியனைக் கொன்றவர் யார் என்பதும் தெளியப்படவில்லை.

இந்தியாவில் ருதுல் சா என்பவர் 1968இல் விடுவிக்கப்பட்டும் 1982 வரை சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். 1983இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவ்வகையில் அது வழிகாட்டியான தீர்ப்பு. நாகர்கோவிலில் பிறந்த அறிவியலாளர் நம்பி நாராயணன் 1994இல் உளவு வழக்கில் கைதானார். குற்றச்சாட்டு பொய் என்று 1996இல் மத்திய புலனாய்வுத் துறை அறிக்கை அளித்தது. 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2018இல். கைதுக்கும் அவ்வாணைக்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள். அதே 2018இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 277ஆம் அறிக்கையில், தவறான வழக்குகளுக்கு ஆளானோர்க்கு இழப்பீடு கிடைக்கச் சட்ட வழி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது தனிச் சட்டமாக வடிவம் பெறவில்லை.

2006 மும்பைத் தொடர்வண்டிக் குண்டுவெடிப்பு வழக்கில் கைதான பள்ளி ஆசிரியர் அப்துல் வாகித் ஷேக், ஒன்பது ஆண்டுகள் சிறையிலிருந்து 2015இல் விடுவிக்கப்பட்டார். சிறையில் சட்டம் பயின்றார். தம் துன்பத்தை நூலாக எழுதினார். மீண்டும் ஆசிரியப் பணிக்குத் திரும்பினார். உடன் தண்டனை பெற்றோர் வழக்குகளின் ஏடுகளையும் தொடர்ந்து ஆராய்ந்தார். தொலைக்காட்சிக் கதையின் நாயகனுக்கு வாழ்வில் அண்மையில் நிற்பவர் இவ்வாசிரியர் எனலாம். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட பன்னிருவரையும் மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. அத்தீர்ப்பை எதிர்த்து மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. அக்குண்டுவெடிப்பில் மாண்டோர் 180க்கும் மேற்பட்டோர். அவர்தம் குடும்பத்தார்க்கு விடை யார் கூறுவர் என்னும் வினா இங்கும் எழுகிறது.

சட்டம் செய்ய வேண்டுவன சட்ட வல்லார்க்குரியன. மொழியைக் கையாள்வோர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கைது செய்யப்பட்ட அன்றே ஒருவரைக் 'கொலையாளி' என்று எழுதும் வழக்கம் தமிழ் இதழ்களில் வேரூன்றிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. எழுதுவோரிடம் பொறுமைதான் இல்லை. முதல் நாள் செய்தி முதற்பக்கத்தில் வருகிறது. விடுதலைச் செய்தி உட்பக்க மூலையில் வருகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு மனிதன் தன் ஊரையும் பெயரையும் இழந்துவிடுகிறான்.

தமிழின் இடைச்சொற்களுள் 'கொல்' என்பது ஐயப்பொருளில் வரும் என்று தொல்காப்பியம் இடையியலில் வகுக்கிறது. வினைச்சொல்லாக நின்றால் அதே ஒலி உயிரைப் பறிக்கும் ஏவலாகிறது. மதுரையில் ஐயமாக ஒலித்திருக்க வேண்டிய சொல் ஏவலாக ஒலித்தது. கவிஞர்கள் ஒரு சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறோம் என்று இருமுறை எண்ணிப் பார்ப்பவர்கள். அப்பழக்கம் கவிதைக்கு மட்டும் உரியதன்று. ஒரு மனிதனைப் பற்றி ஊர் பேசும்போதும் வேண்டுவது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம் சொல்லை ஆராய்ந்து ஆள்வோரை மேலும் வளர்க்குமாக.