யானையின் விலையும் யானையின் வயிறும்

பட்டிமன்றத் தலைப்பு: பழைய ஜெர்மன் கார் வாங்கி அன்றாடம் ஓட்டுவது ஆனந்தமா? அவஸ்தையா?
('அவஸ்தையே!' அணியின் பேச்சு)

நடுவர் அவர்களே! 'ஆனந்தமே' என்று அடித்துப் பேசிவிட்டு, அடித்த களைப்பில் தண்ணீர் குடித்துக் கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே!

கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கூடாது என்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் நின்றுகொண்டு காரைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் என்ன செய்ய? (சிரிப்பு) 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது இந்த ஊரிலிருந்து. அன்றைக்கு வயல்காடாக இருந்த இடத்தில் இன்றைக்கு ரோபோ வெல்டிங் அடிக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கிற தம்பி ஒரு ஷிப்டில் எத்தனை காருக்குக் கதவு மாட்டுகிறான்! ஆனால் வீட்டுக்குப் போவது கம்பெனி பஸ்ஸில். அவனுக்கு ஒரு கார் ஆசை வரக்கூடாதா? வரலாம். நல்ல காராகவே வரலாம். அந்த ஆசையைக் கேலி செய்ய நான் வரவில்லை. அந்த ஆசையை வைத்து அவன் பாக்கெட்டில் கைவிடுகிறார்களே, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். (கைதட்டல்)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "ஐயா, புதுசா நாற்பது லட்சம் கொடுத்து வாங்கின வண்டி. பத்து வருஷம் ஆச்சு. இன்னிக்கு எட்டு லட்சத்துக்குக் கிடைக்குது. எட்டு லட்சத்துக்குப் புதுசா என்ன வரும்? சின்ன கார்தான் வரும். அதே காசுக்கு ஜெர்மன் சிங்கம் வருதே, யார் விடுவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது.

நடுவர் அவர்களே, கோயில் யானை ஒன்று விலைக்கு வருகிறது என்று வையுங்கள். வயசாகிவிட்டது, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கிக் கொண்டு வந்து வாசலில் கட்டியாகிவிட்டது. யானை விலை பாதியாகிவிட்டது, சரி. யானையின் வயிறு பாதியாகிவிட்டதா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இதுதான் என் வாதம். இவ்வளவுதான். காரின் விலை எட்டு லட்சத்துக்கு இறங்கும். அதன் உதிரிபாகத்தின் விலை இறங்காது. கியர் பெட்டிக்கு உங்கள் வண்டி பழசு என்று தெரியாது. அது நாற்பது லட்ச ரூபாய்க் காரின் கியர் பெட்டி. பில்லும் நாற்பது லட்ச ரூபாய்க் காரின் பில்லாகத்தான் வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டி சொன்னதை, பாட்டி காரே பார்க்காமல் சொன்னாள்! (சிரிப்பு)

உடனே எதிரணி அம்மையார் எழுந்து, "என்னங்க நீங்க, அந்த ஜெர்மன் காரே நம்ம ஊர்லதான் தயாராகுது" என்றார். உண்மை அம்மா, மறுக்கவில்லை. இங்கிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோவில் போனால் மகிந்திரா வேர்ல்ட் சிட்டி. அங்கே 2007 முதல் பி.எம்.டபிள்யூ ஓடுகிறது. 2015இல் சச்சின் டெண்டுல்கரே அங்கே வந்து ஒரு காருக்கு எஞ்சினைப் பொருத்திக் காட்டினார். சச்சின் மாட்டிய எஞ்சின் என்றால் நானும் வாங்குவேன். ஆனால் ரிப்பேருக்கு சச்சின் வருவாரா? (பலத்த சிரிப்பு)

இங்கே மாட்டுவது வேறு, இங்கேயே செய்வது வேறு. அந்த வண்டிக்கும் பல பாகங்கள் இங்கே தயாராகின்றன. ஆனால் பத்து வருஷத்துக்கு முந்தைய மாடலுக்கு ஒரு சென்சார் போனால், அது பல நேரம் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். தம்பிகளே, இந்த வட்டாரம் உலகத்துக்குக் காட்டும் வித்தை என்ன? சுற்றுப்பட்டில் இருக்கும் உதிரிபாகக் கம்பெனியிலிருந்து, சீட்டும் பம்பரும் லைனுக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய வரிசையில் வந்து நிற்கிறது. ஒரு பாகம் தாமதமானால்? லைன் நிற்கும். சூப்பர்வைசர் தலையில் கை வைப்பார். குடும்பமும் ஒரு லைன்தான் ஐயா! காலையில் பிள்ளைக்கு ஸ்கூல், உங்களுக்கு ஷிப்ட், சாயங்காலம் அம்மாவுக்கு டாக்டர். ஒரு பாகம் வருவதற்கு மூன்று வாரம் என்றால், அந்த மூன்று வாரமும் உங்கள் வீட்டு லைன் நிற்கும். கம்பெனிக்கு ஸ்டோர் ரூம் இருக்கிறது. உங்களுக்கு? மாமனார் வீட்டு ஸ்கூட்டர் இருக்கிறது! (சிரிப்பு)

அந்த வண்டிக்கு வைத்தியம் பார்ப்பதும் லேசில்லை. நம் கார் நின்றால் என்ன செய்வோம்? பானட்டைத் திறப்போம். மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு, 'ஒண்ணுமில்ல சார்' என்பார். ஜெர்மன் காரில் பானட்டைத் திறந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். உள்ளே என்ன நோய் என்று சொல்ல கம்ப்யூட்டர் வேண்டும். பல பி.எம்.டபிள்யூ மாடல்களில் பேட்டரியை மாற்றினால்கூட, 'புது பேட்டரி போட்டிருக்கிறோம்' என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தகவல் பதியவேண்டும். பழைய பேட்டரிக்கு ஊட்டிய மாதிரியே புதுசுக்கும் ஊட்டிக்கொண்டிருக்கும். என் வீட்டில் நான் புதுச் சட்டை வாங்கினால் தகவல் சொல்வதில்லையா, அதைப்போல! (சிரிப்பு)

டயருக்கு வருகிறேன். இந்த வண்டிகள் பலவற்றில் இருப்பது ரன்-பிளாட் டயர். பஞ்சரானாலும் மெதுவாக ஐம்பது, எண்பது கிலோமீட்டர் ஓட்டலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அதை நம்பி, பல மாடல்களில் ஸ்டெப்னியே கொடுப்பதில்லை. காற்று இறங்கி ஓடிய அந்த டயரைப் பஞ்சர் ஒட்டித் திரும்ப மாட்டுவதும் ஆபத்து. மாற்றவேண்டும். அதன் பக்கச்சுவர் விறைப்பு. நம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரி தோண்டிய பள்ளத்தில் அது இறங்கினால், டயர் தாங்கினாலும் சக்கரம் வளையும், சக்கரம் தாங்கினாலும் உங்கள் இடுப்பு வளையும்! (சிரிப்பு) ஊருக்குள்ளே வேகத்தடையைப் பார்த்தால் வண்டியைக் குறுக்கே திருப்பி, நண்டு மாதிரி ஏற்றி இறக்க வேண்டும். எட்டு லட்சம் கொடுத்து நண்டு நடை பழகவா?

"இன்ஷூரன்ஸ் இருக்கே" என்றார் இன்னொரு நண்பர். இருக்கிறது. ஆனால் 'ஜீரோ டெப்ரிசியேஷன்' என்கிற கூடுதல் பாதுகாப்பு பொதுவாகப் புது வண்டிகளுக்குத்தான் கிடைக்கும். அது இல்லையென்றால், பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதிப் பணம் நம்முடையது. பத்து வருஷம் தாண்டினால் இரும்புக்கும் பாதி. பம்பர் என்ன? பிளாஸ்டிக். ஹெட்லைட் கூடு என்ன? பிளாஸ்டிக். பின்னால் வந்த ஆட்டோ லேசாக முத்தம் கொடுத்தால், அந்த முத்தத்தின் விலையில் பாதி நீங்கள் கட்டவேண்டும்! (பலத்த சிரிப்பு)

இனி கொஞ்சம் சிரிப்பை ஒதுக்கி வைக்கிறேன். இந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தலைநகர் டெல்லி வட்டாரத்தில் பத்து வருஷம் ஆன டீசல் வண்டிக்குத் தடை என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே ஓட்டமுடியாது என்று தள்ளிய வண்டிகள் தெற்கே வரத் தொடங்கின. 'டெல்லி வண்டி சார், சல்லிசு' என்பார்கள். அந்தச் சல்லிசுக்குப் பின்னால், அங்கிருந்து தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, வாங்கவேண்டும். இங்கே மறுபதிவு செய்யவேண்டும். தமிழ்நாட்டு வரியைத் தனியாகக் கட்டவேண்டும். முன்னவர் வாங்கிய கடன் தீர்ந்துவிட்டதா? படிவம் 35 இருக்கிறதா? பெயர் மாற்ற 29ம் 30ம் கையெழுத்தாகிவிட்டதா? இதையெல்லாம் கேட்காமல், கண்ணாடியில் முகம் தெரிகிற பெயின்ட்டைப் பார்த்து மயங்கினால், வண்டி உங்கள் வாசலில் நிற்கும், பெயர் வேறொருவர் பெயராக இருக்கும்.

இன்னொரு வழி, வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் மூழ்கியது. எத்தனை கார்கள் கூரை வரை தண்ணீரில் நின்றன, நாம் பார்த்தோம். அதெல்லாம் எங்கே போயின? கழுவி, உலர்த்தி, சென்ட் அடித்து மறுபடி விற்பனைக்கு வந்தவையும் உண்டு. தாய்மார்களே, உங்கள் வீட்டுக்காரர் பழைய கார் பார்க்கப் போனால் கூடவே போங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் குளித்த வண்டி. டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். பாத்திரத்தில் மீன் வாசம் கண்டுபிடிக்கிற மூக்குக்கு இது தெரியாதா? (கைதட்டல்) அந்தத் தண்ணீர் ஒரு வயரிங்கில் இறங்கியிருந்தால், இன்றைக்கு ஓடும். ஆறு மாதம் கழித்து நடு ரோட்டில் நிற்கும்.

"பாதுகாப்பு" என்று அம்மையார் உருக்கமாகப் பேசினார். புதுசாக இருந்தபோது அது பாதுகாப்பான வண்டிதான். இன்றைக்கு? ஏற்கெனவே விபத்தில் வெடித்த ஏர்பேக்கைத் திரும்பப் போட்டார்களா, வெறும் மூடியை ஒட்டினார்களா, யாருக்குத் தெரியும்? டகாடா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் கோளாறு என்று உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஜெர்மன் கார்களும் அதில் உண்டு. நீங்கள் பார்க்கிற வண்டியில் அது மாற்றப்பட்டதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனியில் கேட்டீர்களா? வண்டியின் பெயர் பாதுகாப்புத் தராது. வண்டியின் இன்றைய உடல்நிலைதான் தரும்.

இதே ஊரில் தயாராகிற வெர்னா, 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதன் டர்போ எஞ்சினுக்கு 160 குதிரைத் திறன். 2012இல் இந்தியாவுக்கு வந்த பி.எம்.டபிள்யூ 320டி வண்டிக்கு 184. இருபத்து நான்கு குதிரைதான் குறைவு. (சிரிப்பு) பின் சக்கரம் தள்ளுகிற சுகம், எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாக நிற்கிற சுகம், வளைவில் ஒட்டிக்கொண்டு போகிற சுகம், அதெல்லாம் அந்த ஜெர்மன் காருக்குத் தனி. ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சுகத்தை அனுபவிக்க இதே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. அங்கே ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறான், ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. பூந்தமல்லி நெரிசலில், கம்பெனி பஸ்ஸுக்கும் டிரெய்லருக்கும் நடுவில், முதல் கியரில் ஊர்கிற வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு 'இது நூறு கிலோமீட்டரை எட்டு செகண்டில் தொடும்' என்றால், ஐயா, முதலில் அது குன்றத்தூர் திருப்பத்தைத் தொடட்டும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

கடைசியாக, பெருமை. பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளை என்ன வண்டி வைத்திருக்கிறார் என்று கேட்கிறார்களாம். கேட்பார்கள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற மூன்று வாரத்தில், மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறதா என்று யாராவது கேட்கிறார்களா? அந்த வீட்டு இ.எம்.ஐ.யில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கரைகிறதா என்று கேட்கிறார்களா? நடு ராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்கும்போது, சாவியைத் திருகினால் திரையில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிகிறதே, அந்த விளக்குக்கு வாசலில் வாங்கிய பெருமை தெரியுமா? (அமைதி)

ஆசைப்படுகிற தம்பிக்கு மூன்றே நிபந்தனை சொல்கிறேன். ஒன்று, தினமும் நம்பிப் போக வீட்டில் இன்னொரு வண்டி இருக்கட்டும். இரண்டு, பணம் கொடுக்கும் முன், விற்பவருக்குச் சொந்தமில்லாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் வைத்துச் சோதித்து, சர்வீஸ் பதிவு முழுவதையும் படியுங்கள். மூன்று, வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வங்கியில் போட்டுவையுங்கள், அது யானைக்குத் தீனி. இந்த மூன்றும் முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை ஓட்டுங்கள், சந்தோஷமாக இருங்கள். ஆனால் அப்போது அது அன்றாட வண்டி இல்லை, நடுவர் அவர்களே! தலைப்பில் இருக்கிற 'அன்றாடம்' என்ற சொல்லைத் தூக்கினால்தான் எதிரணி ஜெயிக்கமுடியும்! (கைதட்டல்)

அன்றாடம் ஓட்டுகிற வண்டி நம்மைச் சுமக்கவேண்டும். நாம் அதைச் சுமக்கக் கூடாது. ஆகவே, பழைய ஜெர்மன் காரை அன்றாடம் ஓட்டுவது அவஸ்தையே, அவஸ்தையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)